எமது சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கம்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

சிறுபோக ஆரம்பக் கூட்டம் என்றைக்கு, குளத்து வாய்க்கால் எந்த நாளில் திறக்கப்படும், விதைநெல் எங்கே கொடுக்கிறார்கள் என்பவற்றை அறிவதற்கு ஒரு காலத்தில் நாம் எல்லோரும் கமநல சேவை நிலையத்தின் அறிவித்தற் பலகைக்கு முன்னால்தான் நின்றோம். இன்று அந்தப் பலகையின் ஒரு பாதி கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. 2022 யூலையில் எரிபொருட் பங்கீடு கியூ.ஆர். முறைக்கு மாறியபோது இணையத்தளத்தில் பதிவு செய்தவருக்கே எரிபொருள் என்ற நிலை ஏற்பட்டது. 2023 யூனில் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளியானதும், பெயரைத் தேடியதும் மேன்முறையீடு அனுப்பியதும் பெரும்பாலும் இணையத்தளத்தின் ஊடாகவே நடந்தன. பக்கம் திறந்தவர்கள் அனுப்பினார்கள். திறவாதவர்கள் தெரிந்த பிள்ளைகளைத் தேடி அலைந்தார்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த விடயம் மற்றவர்களிலும் பார்க்கக் கூடுதலாகப் பொருந்தும். அறிவித்தல் சொந்த ஊரில் ஒட்டப்படுகிறது. ஊரவர்களோ ஒருவர் கந்தளாயில், ஒருவர் திருகோணமலை நகரில், இன்னொருவர் வவுனியாவில், வேறொருவர் தமிழ்நாட்டு முகாமில். காணி அனுமதிப்பத்திரம் தொடர்பான நடமாடும் சேவை ஒன்று ஊரில் நடந்து முடிந்த பின்னர் செய்தி வந்து சேர்ந்தால் அதனால் என்ன பயன்? ஆகவே சிதறியிருக்கும் ஊரவர்களை ஒரே செய்தியின் கீழ் கொண்டுவருவதற்கு ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்று கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் கேட்பது நியாயமானதே. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அதைச் செய்யும் திறமையும் உண்டு. இந்தப் பாடம் அப்பிள்ளைகளுக்கும், கணினியைத் தொடாமலே ‘அதைப் போடு, இதைப் போடு’ என்று சொல்லும் செயற்குழுப் பெரியவர்களுக்கும் சேர்த்து எழுதப்படுகின்றது. பக்கம் பழுதாவதில் இரு பகுதியினருக்கும் பங்கு உண்டு என்பது எமது அபிப்பிராயம்.

முதலில் கேட்க வேண்டியது

இணைய வலை 1989இல் சுவிற்சர்லாந்தின் சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ முன்வைத்த ஒரு யோசனையில் தொடங்கியது. 1993இல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அது திறந்துவிடப்பட்டது. அதற்குப் பின் மூன்றே வருடங்களில், 1996 மே மாதத்தில், ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க் நாட்டு அறிஞர் இணையப் பக்கங்களில் காணப்படும் பத்துப் பிழைகளைப் பட்டியலிட்டு எழுதினார். பக்கம் திறக்க நெடுநேரம் எடுப்பது, ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்துக்கள், காலாவதியான செய்தி, எங்கே நிற்கிறோம் என்று விளங்காத அமைப்பு ஆகியன அதில் இருந்தன. ஏறத்தாழ முப்பது வருடங்கள் கழிந்துவிட்டன. கருவிகள் எல்லாம் மாறிவிட்டன. பிழைகள் அப்படியே இருக்கின்றன. இதற்குக் காரணம், பக்கத்தைச் செய்பவர் தமக்குப் பிடித்ததைச் செய்வதும், பார்க்க வருபவர் எதைத் தேடி வருகின்றார் என்று கேளாமல் விடுவதும்தான்.

எமது நாட்டிலேயே இதற்கு மாறான ஒரு முன்மாதிரி இருந்தது. மகாவலித் திட்டத்தினால் தம் இடங்களை விட்டுப் பெயர நேர்ந்த மக்கள் வாழ்ந்த கொத்மலையில் 1989இல் ஒரு சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. பத்து வருடங்களின் பின் யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியுடன் அங்கே இணைய இணைப்பும் வந்தது. கிராமத்தவர்கள் தமது கேள்விகளை அனுப்புவார்கள். நிலையத்தில் உள்ளவர்கள் இணையத்தில் அவற்றுக்கு விடை தேடி, மக்களின் மொழியில் வானொலியிலே விளக்குவார்கள். அங்கே கேள்வி முதலில் வந்தது, பக்கம் பிறகுதான் வந்தது. நாமும் அந்த ஒழுங்கைப் பின்பற்றலாம். பக்கம் செய்யத் தொடங்குவதற்கு முன்பு இருபது குடும்பங்களிடம், ‘சென்ற மாதம் நீங்கள் யாரிடம் என்ன விசாரித்தீர்கள்?’ என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அநேகமாகத் தண்ணீர்த் திகதி, நெல் விலை, உர மானியம், காணிக் கச்சேரி, பிள்ளைகளின் பாடசாலை அனுமதி என்பனவே வரும். சங்கத் தலைவரின் வாழ்த்துச் செய்தியை எவரும் விசாரித்திருக்கமாட்டார். அப்படியிருந்தும் பெரும்பாலான சங்கப் பக்கங்களில் முதலிற் கண்ணிற் படுவது தலைவரின் படமும் வாழ்த்துச் செய்தியும்தான்!

எழுத்துப் பிழை அல்ல, எழுத்துருப் பிழை

இலங்கையில் தமிழ் தட்டச்சுப் பழகிய பலருக்குப் பாமினி எழுத்துரு பரிச்சயமானது. துண்டுப்பிரசுரமோ கல்யாணக் கார்ட்டோ அச்சடிக்க அது போதும். ஆனால் அதன் உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக்கள்தான். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினி தன் நினைவில் வைத்துக்கொள்வது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையும் ஆகும். பாமினி உள்ள கணினி அதைத் தமிழாகக் காட்டும். பாமினி இல்லாத கைத்தொலைபேசியில் அந்த ஆங்கிலக் குப்பையே தெரியும்.

இதற்குத் தீர்வு யூனிகோட் முறையாகும். 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2010இல் இதனைத் தனது நியமமாக ஏற்றுக்கொண்டது. இன்று விற்கப்படும் திறன்பேசிகள் யூனிகோட் தமிழை எந்த எழுத்துருவையும் புதிதாக இறக்காமலே காட்டும். ஆகவே பழைய கூட்ட அறிக்கைகளைப் பக்கத்தில் இடுவதானால் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின்னர் ஒருவர் இருந்து வாசித்துத் திருத்த வேண்டும். கொம்பும் அரவும் இடம் மாறுவது சாதாரணம்.

இன்னொரு பிழை, எழுத்தையே படமாகப் போடுவது. கடிதத்தைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்து, அந்தப் படத்தைப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, அறிவித்தல் போட்டாயிற்று என்கிறார்கள். படத்தில் உள்ள எழுத்தைத் தேடற்பொறி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கண்பார்வை குறைந்தவருக்கு வாசித்துக் காட்டும் செயலிக்கும் அது வெறும் படமாகவே இருக்கும். அதிலுள்ள தொலைபேசி இலக்கத்தைத் தொட்டு அழைக்க முடியாது. இலக்கத்தைத் தாளில் எழுதிப் பின்னர் அழுத்த வேண்டும், அதில் ஓர் இலக்கம் தவறும்.

பாரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். நீங்கள் இப்போது வாசிக்கும் அளவிலான ஒரு கட்டுரையை யூனிகோட் தமிழில் இட்டால் ஏறத்தாழ 50 அல்லது 60 கிலோபைற் வரும். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் 4 மெகாபைற் வரலாம். அதாவது ஒரு படம் அறுபது, எழுபது கட்டுரைகளின் பாரத்தைச் சுமந்துகொண்டு வருகின்றது. வயற்கரையில் சிக்னல் மெலிந்து, செக்கனுக்கு 256 கிலோபிற் அளவிலே வந்தால், அந்தப் படம் திறக்க இரண்டு நிமிடங்களுக்கு மேலாகும். அதுவரை எவர் காத்திருப்பார்? காத்திருந்தாலும் தரவுக்குரிய காசு அவருடைய மீள்நிரப்பு அட்டையிலிருந்துதான் போகும். படத்தைச் சுருக்கி 100 கிலோபைற்றுக்குள் கொண்டுவந்தால் கைத்தொலைபேசித் திரைக்கு அது தாராளமாகப் போதும். நெல்லும் தயிரும் விற்கும் பக்கத்துக்குப் படம் வேண்டும், மறுக்கவில்லை. கூட்ட அறிவித்தலுக்குப் பூக்களும் மின்னும் விளக்குகளும் எதற்கு?

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெள்ளையின் மேல் மெல்லிய சாம்பல் நிறத்தில் எழுதுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. மத்தியானம் பன்னிரண்டு மணி வெய்யிலில், வரம்பில் நின்று, விரிசல் விழுந்த திரையில் அதை வாசித்துப் பாருங்கள். கறுப்பு எழுத்து, பெரிய எழுத்து, மேலும் கீழும் விசிறிகளும் சுழிகளும் முட்டிக்கொள்ளாதபடி வரிகளுக்கிடையில் தாராளமான இடைவெளி, இவை போதும்.

திகதியும் மொழியும்

‘எதிர்வரும் திங்கட்கிழமை கூட்டம்’ என்று பக்கத்தில் இருக்கும். எந்தத் திங்கட்கிழமை? அந்த வரி ஆறு மாதமாக அங்கேயே கிடக்கும். பலகையில் ஒட்டிய கடதாசி மழையில் நனைந்து தானாகவே விழுந்துவிடும், இணையத்தில் ஒட்டியது விழாது. நாமாக எடுத்தாலொழிய அது இருந்துகொண்டே இருக்கும். இதனால் வீணாகப் பஸ் ஏறி வருபவரின் ஒரு நாட் கூலி போகின்றது. ஆகவே ஒவ்வொரு அறிவித்தலிலும் வருடம், மாதம், நாள், கிழமை, நேரம், இடம் ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். 03/04 என்று எழுதாதீர்கள். ஒருவருக்கு அது ஏப்ரல், மற்றவருக்கு அது மார்ச். ‘ஏப்ரல் 3’ என்று எழுத்திலேயே எழுதுங்கள். பக்கத்தின் அடியில், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற திகதியையும் இடுங்கள். நாள் கடந்த அறிவித்தலை எடுத்துவிடுவது செயலாளரின் வேலையா, பக்கம் செய்த பிள்ளையின் வேலையா என்பதைக் கூட்டத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

கந்தளாய் தமிழும் சிங்களமும் கலந்து கேட்கும் ஊர். சந்தையிலும் வாய்க்காற் கரையிலும் ஒருவரை ஒருவர் சமாளித்துக்கொள்கிறோம். பக்கத்திலும் இரண்டு மொழிகளும் இருப்பது நல்லது. ஆனால் ஒரு மொழியில் எழுதி, மற்ற மொழிக்கு இயந்திரத்தைக் கொண்டு மாற்றி, வாசித்துப் பாராமலே இடுவது ஆபத்தானது. எங்கள் நாட்டு ஆங்கிலத்தில் குளத்தை ‘ராங்க்’ என்று சொல்வார்கள். அதே சொல் தண்ணீர்த் தொட்டிக்கும் உண்டு, யுத்த களத்தில் ஓடும் டாங்கிக்கும் உண்டு. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் திறக்கப்படும் என்ற செய்தி, இயந்திரத்தின் கையில் கந்தளாய்த் தொட்டி திறக்கப்படும் என்று மாறக்கூடும். டாங்கி திறக்கப்படும் என்று வந்தால் யுத்தம் கண்ட எங்கள் சனங்களுக்குச் சிரிப்பு வராது. ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழியில் வளர்ந்த, வயல் தெரிந்த ஒருவர் வாசித்துச் சம்மதம் சொல்ல வேண்டும். இரண்டு மொழியிலும் முழுமையாகப் போட முடியாவிட்டால், திகதி, இடம், தொலைபேசி இலக்கம் ஆகிய மூன்றையுமாவது இரண்டிலும் இடுங்கள்.

அரச பக்கங்களில் தமிழ்ப் பகுதி வெறுமையாகக் கிடந்தால் பொறுமையாக இருந்துவிடத் தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். 1987இல் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வேண்டிய தகவலை அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்து மூலம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும்.

படிவம் கேட்கும் கேள்விகள்

சில சங்கங்கள் அங்கத்தவர் விபரங்களைப் பக்கத்தின் ஊடாகவே திரட்ட விரும்புகின்றன. இங்கேதான் மற்ற ஊர்களுக்குச் செய்த படிவத்தை அப்படியே எடுத்துப் போடும் பிழை பெரிதாக நடக்கின்றது. ‘நிரந்தர முகவரி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. இடம்பெயர்ந்தவர் எதை எழுதுவார்? வீடு இருந்த ஊரையா, இப்போது ஒண்டியிருக்கும் மாமியார் வீட்டையா? ஒருவர் இதையும் மற்றவர் அதையும் எழுத, கடைசியில் அந்தப் பட்டியலால் எவருக்கும் பயன் இல்லை. ஆகவே சொந்த ஊர், இப்போது தங்கியிருக்கும் இடம் என்று இரண்டு கட்டங்கள் வேண்டும். இரண்டாவது கட்டம் அடிக்கடி மாறும் என்பதை மனதில் வைத்து, அதைத் திருத்தக்கூடியதாகச் செய்ய வேண்டும். மின்னஞ்சல் முகவரி கட்டாயம் என்று வைக்கக்கூடாது. தொலைபேசி இலக்கத்தின் அருகில் ‘இது யாருடையது?’ என்று ஒரு கட்டம் வையுங்கள். பல வீடுகளில் மகனின் அல்லது அயலவரின் தொலைபேசிதான் உள்ளது.

காணியின் அளவைக் கேட்கும்போது ஹெக்டேயரில் கேட்டால் பலர் இடறுவார்கள். எங்கள் பழைய பத்திரங்களில் இருப்பது ஏக்கர், றூட், பேர்ச் ஆகும். 4 றூட் ஓர் ஏக்கர், 160 பேர்ச் ஓர் ஏக்கர், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் ஒரு ஹெக்டேயர். பத்திரத்தில் உள்ளபடியே எழுத விடுங்கள், கணக்கைப் பிறகு பார்க்கலாம். பத்திரம் தொலைந்தவர்களும் உள்ளனர். ‘பத்திர இலக்கம் இல்லை’ என்று சொல்லவும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் படிவத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். உண்மையில் சங்கம் முதலிற் கண்டறிய வேண்டியவர் அவர்தான்.

என்னென்ன ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதைப் படிவத்தின் தலைப்பிலேயே சொல்லுங்கள். பாதி நிரப்பியபின் பெட்டியைத் திறந்து அடையாள அட்டையைத் தேடும்போது இணைப்பு அறுந்தால், முதலிலிருந்து தொடங்க எவருக்கும் மனம் வராது.

இனிச் சொல்லப்போவதைச் செயற்குழு மிகக் கவனமாக வாசிக்க வேண்டுகிறோம். திரட்டிய விபரங்களை, ‘எல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும்’ என்ற நல்ல எண்ணத்தில் அப்படியே பக்கத்தில் இடுவது எல்லாவற்றிலும் பாரதூரமான பிழை. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், காணி அனுமதிப்பத்திர இலக்கம், வங்கிக் கணக்கு ஆகியன ஒரே வரிசையில் கிடக்கும் பட்டியலை உலகத்தில் எவரும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். பிறகு நாம் அழித்தாலும் எடுத்தவரிடம் அது இருக்கும். எங்கள் பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே அந்த இலக்கத்தை வெளியிட்டால் ஒருவரின் பிறந்த நாளையும் வெளியிட்டதாகும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பிறந்த திகதியையும் சொல்லி நம்பவைத்து, தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்கும் ஏமாற்றுக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காணியை வேறொருவர் பிடித்திருக்கும் இடங்களில், எந்தக் குடும்பம் எங்கே இருக்கின்றது, யாரிடம் பத்திரம் இல்லை என்ற செய்தி பகிரங்கமாவது பண இழப்பிலும் மோசமான விளைவுகளைத் தரலாம். கணவனை இழந்த பெண்கள் தனித்து வாழும் வீடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2022இல் நாடாளுமன்றம் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியதற்குப் பின்னால் இவை போன்ற அபாயங்கள் உள்ளன. பெயர்ப்பட்டியல் வெளியிட்டே தீரவேண்டுமானால் அங்கத்துவ இலக்கத்தை மட்டும் இடுங்கள். அது யாருடையது என்பது சங்கப் பதிவேட்டில் இருக்கட்டும். பிள்ளைகளின் புகைப்படத்தைப் பாடசாலைப் பெயரோடு இடுவதையும் தவிருங்கள். உதவி பெற்றவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து இடும் வழக்கத்தை நாம் ஒருபோதும் விரும்பியதில்லை; இணையத்தில் அது இன்னும் நெடுங்காலம் நின்று அவர்களைச் சுடும்.

திறப்பு யார் கையில்?

இணையப் பெயரை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். எல்.கே. என்று முடியும் பெயர்களோடு, 2010 முதல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும் வழி உண்டு. எதை எடுத்தாலும் பதிவு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பக்கம் செய்த தம்பி தன்னுடைய மின்னஞ்சலிலே பதிந்துவிட்டு, கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டால், கடவுச்சொல்லும் அவரோடு விமானம் ஏறிவிடும். புதுப்பிக்கும் அறிவித்தல் அவரது பழைய முகவரிக்கு வரும், எவரும் பாரார். காலம் தவறிய பெயரை வேறொருவர் வாங்கி, சங்கத்தின் பெயரிலேயே சூதாட்ட விளம்பரம் போட்ட கதைகள் உலகெங்கும் உண்டு. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பொருளாளரின் பெட்டியில் வைப்பது பழைய முறைதான். ஆனாலும் அது நல்ல முறை. புதுப்பிக்கும் திகதியைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதுங்கள்.

பக்கத்தால் ஆகாத வேலைகளும் உண்டு. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதி மறக்கவில்லை. அப்படியான வேளைக்கு மணியும் ஒலிபெருக்கியும் வீடு வீடாக ஓடும் இளைஞர்களும்தான் உதவுவார்கள். நித்திரையில் இருப்பவர் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கமாட்டார். பக்கத்தில் செய்யக்கூடியது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, விவசாய ஆலோசனைக்கான 1920, அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 ஆகிய இலக்கங்களைத் தொட்டதும் அழைக்கக்கூடியதாக மேலேயே வைப்பதாகும்.

சங்கத்துக்கு ஏற்கெனவே பக்கம் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அங்கத்தவர்களிடம் உள்ளதிலே மிகப் பழைய திறன்பேசியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை வாசிக்கத் தெரிந்த, ஆனால் அந்தப் பக்கத்தை ஒருநாளும் பார்த்திராத ஒரு பெரியம்மாவின் கையில் கொடுத்து, ‘அடுத்த கூட்டம் எப்போது என்று பார்த்துச் சொல்லுங்கோ’ என்று கேளுங்கள. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். இங்கே தொடுங்கோ, அங்கே தொடுங்கோ என்று சொல்லிக் கொடுக்கக்கூடாது. அவர் எந்த இடத்தில் தடுமாறினார் என்பதை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். பக்கத்தைத் திருத்துவதை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.